புகையும் தழையும் எண்ணெயும்: கொசு விரட்டும் செடிகள் எப்படி வேலை செய்கின்றன?

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் காலூன்றிய பிறகு, வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்தன. அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தவை மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லைன் வீடுகள். தட்டியில் ஆயிரம் ஓட்டை இருக்கும். கொசுவுக்குத் தனியாகக் கதவு திறந்துவிட வேண்டியதில்லை. ஆகவே சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கம் இந்த மண்ணிலும் வேர்விட்டது. பொழுது சாயும் நேரத்தில் மண்சட்டியில் நெருப்புத் துண்டு போட்டு, அதன்மேல் வேப்பந்தழையையும் நொச்சித் தழையையும் வைத்து வீடு முழுக்கப் புகை காட்டுவார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் எங்க ஆயா இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாங்க. "வௌக்கு வெக்கறதுக்கு முன்னாலயே போட்டுடணும்டா. வௌக்கு வெச்சப்புறம் போட்டா உள்ள வந்தது உள்ளயே மாட்டிக்கும்" என்பாங்க. நெருப்பு நன்றாகக் கனன்று எரிந்தால் அவங்களுக்குப் பிடிக்காது. தழை வதங்கணும், எரியக் கூடாது என்று தண்ணீர் தெளிப்பாங்க. இந்தத் தண்ணீர் தெளிக்கும் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவுக்குப் போய்வந்து அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பெங்களூர், மும்பை, டில்லி அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை சும்மா ஒரு நம்பிக்கையா?" பள்ளியில் பல வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் என் பதில்: வேலை செய்யும். ஆனால் எவ்வளவு நேரம், எந்தக் கொசுவிடம், எந்த வடிவில் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் அது பயன்படும்.

கொசு நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். இருட்டில் நம்மைத் தேடிவர அது முதலில் நம்புவது மூக்கைத்தான். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தொலைவிலிருந்தே உணர்ந்து காற்றை எதிர்த்துப் பறந்து வருகிறது. பக்கத்தில் வந்ததும் வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம், தோலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாடைகள், உடம்பின் சூடு, ஈரம் எல்லாம் சேர்ந்து "இதோ ஆள்" என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கொசுவின் தலையிலுள்ள உணர்கொம்புகளிலும், வாய்ப்பக்கத்துச் சிறு கொம்புகளிலும் இந்த வாடைகளைப் பிடிக்கும் நரம்பணுக்கள் வரிசையாக இருக்கின்றன.

செடிகள் ஏன் வாசனை வைத்திருக்கின்றன? நமக்காக இல்லை. துளசி இலையையோ நொச்சி இலையையோ பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே நுண்ணிய சுரப்பிகளும் மயிர்களும் தெரியும். அவற்றுக்குள் டெர்பீன் வகை எண்ணெய்கள் அடைபட்டிருக்கின்றன. இலையைத் தின்ன வரும் புழுவும் பூச்சியும் கடித்தவுடன் சுரப்பி உடைந்து, அந்த எண்ணெய் அதன் முகத்தில் அடிக்கும். கொசு இலை தின்பதில்லை என்றாலும் அதுவும் பூச்சி இனம்தானே! ஆகவே அந்த வாடை அதன் மூக்கையும் தாக்குகிறது.

இந்தத் தாக்குதல் எப்படி நடக்கிறது என்பது சமீபத்தில்தான் தெளிவாகத் தொடங்கியது. 2019-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் மூக்கு நரம்புகள் வாடை பட்டதும் ஒளிரும்படி செய்து பார்த்தார்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயும், துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினாலும் சில நரம்பணுக்களைப் பலமாகத் தூண்டின. டீட் என்ற செயற்கை மருந்து அப்படித் தூண்டவில்லை; நம் உடல் வாடை ஆவியாகிக் கொசுவைச் சென்றடைவதைத்தான் அது குறைத்தது. அதாவது செடி எண்ணெய் வாசலில் நின்று கூச்சல் போட்டு விரட்டுகிறது. டீட் ஆளையே போர்வை போட்டு மூடிவிடுகிறது. இரண்டும் கொசுவைக் கொல்வதில்லை, அது வேறு சமாச்சாரம்.

வாசனை ஓடிப்போகும் வேகம்

கூச்சல் போடுகிறவனுக்குத் தொண்டை கட்டிவிடும். செடி எண்ணெய்களின் பெரிய குறை அதுதான். சிட்ரனெல்லா புல்லின் சிட்ரனெல்லாலும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் பத்துக் கார்பன் அணுக்களைக் கொண்ட இலேசான மூலக்கூறுகள். இலேசானவை என்பதால்தான் காற்றில் கலந்து கொசுவின் மூக்கை எட்டுகின்றன. அதே காரணத்தால் சீக்கிரம் தீர்ந்தும் போகின்றன. வாசனை தூக்கலாக அடித்தால் மருந்து தோலைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் இன்னும் வேகமாக ஓடும்.

2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், கடையில் விற்கும் பூச்சுகளைக் கையில் தடவிக்கொண்டு கொசுக் கூண்டுக்குள் விட்டுப் பார்த்தார்கள். 23.8 விழுக்காடு டீட் உள்ள பூச்சு சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரனெல்லா பூச்சுகள் 20 நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சோயா எண்ணெய் கலந்த ஒரு பூச்சு மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றது. செடி மருந்து வேலை செய்யவில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. அந்த 20 நிமிஷம் அது வேலை செய்தது. வாசனையைப் பிடித்து நிறுத்தி மெல்ல மெல்ல விடுவது எப்படி என்பதே இதில் மிச்சமிருக்கும் கேள்வி. நம் வீட்டு முறைகளையும் தொழிற்சாலை முறைகளையும் இந்த ஒரு கண்ணோடு பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

ஒரு வழி, ஆவியாகாத எண்ணெயில் கலப்பது. 1993-இல் டில்லியிலுள்ள மலேரியா ஆராய்ச்சி மையத்தார், தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து தடவிக்கொண்டவர்களை அனோபிலிஸ் கொசுக்கள் 12 மணி நேரம் கடிக்கவில்லை என்று எழுதினார்கள். பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. வேறு இனக் கொசுக்களிடம் பலனும் குறைவு. இருந்தாலும் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி வேப்பெண்ணெய் என்பது எந்த வீட்டிலும் கைக்கு எட்டும் கணக்கு. தேங்காய் எண்ணெய்க்கே இதில் பங்கு இருக்கலாம். 2018-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு அமிலங்கள் பல கடிபூச்சிகளை நீண்ட நேரம் விரட்டுவதைக் கண்டார்கள். முழுத் தேங்காய் எண்ணெயில் அவை அப்படித் தனியாகப் பிரிந்து கிடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வழி, மூலக்கூறையே கனமாக்குவது. இதற்கு நம் கோலார்ப் பக்கத்து மரம் ஒன்றின் உறவுக்காரர் உதவுகிறார். இங்கே நாம் நீலகிரி மரம் என்றும் தைலமரம் என்றும் சொல்லுவது இந்தியாவில் முதன்முதலில் நடப்பட்டது நந்தி மலையில், திப்பு சுல்தான் காலத்தில், ஏறத்தாழ 1790-இல். அங்கிருந்து பரவிய வகை கோலார் மாவட்ட வயல்களையெல்லாம் நிரப்பி, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற புகாருக்கு ஆளாகி, 2017-இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதையே தடை செய்யும் அளவுக்குப் போனது. அதன் இலையில் முக்கியமாக உள்ளது சினியோல், அதாவது தலைவலித் தைலத்தின் வாசனை. கொசுவுக்கு அது சுமார்தான். எலுமிச்சை வாசம் வீசும் தைலமரம் என்று வேறொரு வகை உண்டு. அதன் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரனெல்லால். அது அமிலம் பட்டால் வளைந்து, தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, பாரா-மெந்தேன்-டயால் என்ற கனமான பொருளாக மாறுகிறது. எண்ணெய் வடித்த பிறகு மிஞ்சிய கழிவில் இந்தப் பொருள் கொசுவை விரட்டுவதை முதலில் கவனித்தவர்கள் சீனர்கள். இது மெல்ல ஆவியாவதால் பல மணி நேரம் தாங்கும். 2005-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் டீட்டுடன் சேர்த்துப் பரிந்துரைத்த பொருள்களில் செடியிலிருந்து வந்தது இது.

வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் இரண்டு புட்டி ஒரே மாதிரிப் பெயரில் இருக்கும். ஒன்று அந்த மரத்தின் சாதாரண வாசனை எண்ணெய். மற்றொன்று மேலே சொன்னபடி மாற்றிய எண்ணெய். முன்னது சிட்ரனெல்லாவைப் போல நிமிஷக்கணக்குத்தான். சீட்டில் பாரா-மெந்தேன்-டயால் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடவ வேண்டாம் என்பது அங்கேயே உள்ள அறிவுரை.

கென்யாவும் எங்க ஆயாவும்

இப்போது புகைக்கு வருவோம். மேற்குக் கென்யாவிலும் நம்மைப் போலவே தழையை நெருப்பில் போடும் வழக்கம் உண்டு. 2002-இல் அங்கே குடிசை மாதிரிகள் கட்டி அளந்து பார்த்தார்கள். எலுமிச்சைத் தைலமர இலையை நேரடியாக எரித்தபோது கொசு ஏறத்தாழ 51 விழுக்காடு குறைந்தது. அதே இலையை எரியவிடாமல், தணலின் சூட்டில் தட்டின்மேல் வைத்து ஆவியை மட்டும் எழுப்பியபோது ஏறத்தாழ 74 விழுக்காடு குறைந்தது. காரணம் எளிது. எரிந்தால் வாசனை எண்ணெயும் சேர்ந்து கருகிவிடும். வதங்கினால் அது முழுசாக ஆவியாகி வெளியே வரும். தண்ணீர் தெளித்த கையின் இரகசியம் இதுதான்.

அதே ஆய்வாளர் குழு தொட்டியில் வளரும் செடியையும் சோதித்தது. துளசி இனச் செடி ஒன்றை உயிரோடு குடிசைக்குள் வைத்தபோது கொசு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பத்தில் நான்கு கொசு போனாலும் ஆறு மிச்சமிருக்கும் அல்லவா? 2010-களில் சென்னை மாநகராட்சி கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்ததை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். நொச்சி சும்மா நிற்கும்போது சுரப்பிகள் மூடியே இருக்கின்றன. கசக்கினால், வதக்கினால்தான் அது பேசும். பால்கனியில் ஒரு தொட்டி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவது சரிப்படாது.

நொச்சி என்றவுடன் தமிழ் படித்தவர்களுக்குப் புறத்திணை நினைவுக்கு வரும். மதிலைக் காத்து நின்று போரிடுவதற்கு நொச்சித் திணை என்று பெயர். காப்பவர்கள் அந்தப் பூவைச் சூடினார்கள். கொசுவுக்காகத்தான் சூடினார்கள் என்று நான் சொல்லவரவில்லை! ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் இதே தழையைக் கன்னடத்தில் லக்கி சொப்பு என்று கேட்கலாம், தெலுங்கில் வாவிலி என்று கேட்கலாம். மூன்று மொழிக்காரர்கள் வீட்டிலும் இது நெருப்பில் விழுந்திருக்கிறது.

கடையில் வாங்கும் கொசுவர்த்திச் சுருளும் ஒரு செடியின் பேரப்பிள்ளைதான். பைரத்ரம் என்ற வெள்ளைச் செவ்வந்தி வகைப் பூவைப் பொடித்து, 1890-இல் ஜப்பானில் ஊதுபத்தியாகச் செய்தார்கள். நேர்க்குச்சி சீக்கிரம் தீர்ந்துபோனதால் 1902-இல் சுருளாக விற்கத் தொடங்கினார்கள். பூவிலுள்ள பொருள் கொசுவின் நரம்பிலுள்ள சோடிய வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும். கொசு துடித்து விழும். 1949-இல் அதைப் பார்த்து அல்லெத்ரினைச் செயற்கையாகச் செய்தார்கள். இன்றைய சுருள், மேட், திரவம் மூன்றிலும் உள்ளவை அந்த வம்சம்.

யாருக்குப் புகை ஆகாது?

எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே இந்தப் பகுதிக்காகத்தான். 2003-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமமான நுண்துகள் வருகிறது என்று கணக்கிட்டது. தழைப்புகையும் புகைதான். அது மூலிகை என்பதால் நுரையீரல் அதற்குத் தனி வழி விடாது.

நம் ஊரிலோ, பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் 1940-களிலேயே ஆராயப்பட்டது. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டாலும், கீழே இறங்கி டிரில் பிடித்தவர்களின் நெஞ்சில் படிந்த தூசி அவர்களோடேயே இருக்கிறது. லைன் வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் பெரியவர் பக்கத்தில், பாசத்தோடு, "கொசு கடிக்குமே" என்று ஒரு சுருளையும் ஒரு புகைச்சட்டியையும் வைப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அவருக்குக் கொசுவலை போதும். எண்ணெய் தடவலாம். புகை போடத்தான் வேண்டும் என்றால் அவரை வெளியே திண்ணையில் உட்காரவைத்து, வீட்டுக்குப் புகை காட்டி, கதவு ஜன்னலைத் திறந்து புகை போன பிறகு உள்ளே அழைத்துவரலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இதேதான்.

வேப்பெண்ணெய் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அது தோலுக்கு மட்டுமே. 1981-இல் மலேசிய மருத்துவர்கள், சிறு உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட 13 குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு என்று வந்ததைப் பதிவு செய்தார்கள். கடல் கடந்துபோன நம்மவர் வீடுகளில் அது வழக்கமான கைமருந்து. வேம்பு நம்முடையது என்ற பெருமை எனக்கும் உண்டு. வேப்பெண்ணெயைக் காளான் நோய்க்குப் பயன்படுத்தும் முறைக்கு 1994-இல் கொடுத்த ஐரோப்பியக் காப்புரிமை எதிர்ப்புக்குப் பின் 2000-இல் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றபோது மகிழ்ந்தவன்தான். பெருமை வேறு, குழந்தைக்குப் புகட்டும் அளவு வேறு. வசம்புக்கும் இது பொருந்தும். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர். கேழ்வரகுக் குதிரிலும் துணிப்பெட்டியிலும் அது பூச்சி அண்டாமல் காக்கும். அதிலுள்ள பீட்டா-அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே தடுப்பதை 1977-இல் ஜம்மு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே பொருள் எலிகளுக்குப் புற்று உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. குதிரில் போடுங்கள், குழந்தை நாக்கில் வேண்டாம்.

"மூலிகை" என்று அச்சிட்டு மலிவாக வரும் கொசு ஊதுபத்திகளையும் நம்பிவிடாதீர்கள். அப்படிச் சிலவற்றில் பதிவு பெறாத செயற்கை பைரத்ராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் உறைமேல் இருக்க வேண்டும்.

பகலில் கடிக்கும் கொசு

ஆயாவின் விளக்கு வைக்கும் நேரக் கணக்கு, சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கும் மலேரியா கொசுவுக்கும் சரி; அவை இரவுக்காரர்கள். சிக்குன்குன்யாவும் டெங்குவும் பரப்பும் ஏடிஸ் கொசு பகல்காரர். காலையிலும் பிற்பகலிலும் அதன் கை ஓங்கும். 2006-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சிக்குன்குன்யா அலை அடித்தபோது, மாலையில் புகை போட்ட வீடுகளிலும் ஆட்கள் மூட்டு வீங்கி முடங்கியதற்கு ஒரு காரணம் இது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காலிலும் கையிலும் காலையிலேயே எண்ணெய் தடவ வேண்டும்; மூன்று நான்கு மணிக்கு வீடு திரும்பும்போது அது தீர்ந்திருக்கும், மறுபடி தடவ வேண்டும். முழுக்கால் உடை இன்னும் நல்லது.

ஏடிஸ் பிறப்பது நல்ல தண்ணீரில். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒரு முறை என்பதால் வீட்டுக்கு வீடு டிரம்மும் குடமும் சிமெண்டுத் தொட்டியும் நிறைந்திருக்கும். முட்டை பெரிய கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது. வாரத்துக்கு ஒரு நாள் தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். கழுவ முடியாத பெரிய தொட்டிக்கு மீன் இருக்கிறது. மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையினர் கோலார், தும்கூர் மாவட்டக் கிராமங்களில் கப்பி, கம்பூசியா மீன்களை வீட்டுச் சிமெண்டுத் தொட்டிகளில் விட்டு, ஏடிஸ் புழுக்களை அவை தின்று தீர்ப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

நொச்சி வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: விதை தேட வேண்டாம். விரல் பருமனில் ஒரு சாண் குச்சியை மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆடு தின்னாது, வேலிக்கும் ஆகும். தழையை நிழலில் வாட்டி, தட்டில் பரப்பி, தணலுக்கு மேலே ஒரு கை உயரத்தில் வையுங்கள். புகை கறுப்பாக வந்தால் சூடு அதிகம்.